லாபம், ரெண்டு, மூணு

எங்கள் பக்கம் மரக்காலில் எதை அளந்தாலும் முதல் மரக்காலை யாரும் ஒன்று என்று சொல்லமாட்டார்கள். லாபம் என்பார்கள். அதற்கப்புறம் ரெண்டு, மூணு, நாலு என்று வழக்கம்போலப் போகும். நெல்லானாலும் சரி, மல்லாட்டையானாலும் சரி. மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. அண்ணாகிராமம் பக்கம் வந்து வேர்க்கடலை என்று கேட்டால் வெளியூர் ஆள் என்று தெரிந்துகொள்வார்கள். நான் நாலாவது படிக்கும்போதே இந்த எண்ணும் வேலை என் தலையில் விழுந்துவிட்டது. பகலெல்லாம் செடியிலிருந்து மல்லாட்டையை ஆய்ந்து குவித்துவிட்டு, சாயங்காலம் பொம்பளைகள் ஒவ்வொருத்தராக அளக்க வருவார்கள். ஒருத்தர் மரக்காலை நிரப்பிச் சாய்க்க, நான் விழுந்த குவியலைத் தொட்டு "லாபம்" என்று ஆரம்பிப்பேன். கை முதலில் எதைத் தொடுகிறதோ அது லாபம். என் எண்ணிக்கையில் ஒருநாளும் தகராறு வந்தது கிடையாது. "பாப்பா எண்ணினா சரியா இருக்கும்" என்று நிலத்துக்காரரும் சொல்வார், ஆய்ந்தவர்களும் சொல்வார்கள். ரெண்டு பக்கமும் நம்புகிற ஆள் அந்தக் களத்தில் நான் ஒருத்திதான்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அடுத்துச் சொல்லப்போவது, அப்பேர்ப்பட்டவளுக்குக் காலேஜில் மூன்றிலிருந்து ஏழைக் கழிக்கத் தெரியாமல் போன கதை.

2006இல் சிதம்பரத்தில் ஒரு காலேஜில் பி.காம் சேர்ந்தேன். சேர்ந்தேன் என்று ஒரு வார்த்தையில் சொல்கிறேன், வீட்டில் அதற்கு ஒரு மாதம் சண்டை நடந்தது. அப்பா போனதற்கப்புறம் எங்கள் வீட்டில் அண்ணன் வைத்ததுதான் சட்டம். அவன் பண்ருட்டியில் லாரி ஷெட்டில் வேலை பார்த்தான். "உனக்குக் கணக்கே வராது. பி.காம் எடுத்து இன்னா பண்ணப் போற?" என்று கேட்டான். அவன் சொன்னதில் தப்பில்லை. பிளஸ் டூவில் நான் எடுத்தது கணக்கு இல்லாத தொழில்பிரிவு. பத்தாவதில் கணக்கு பாஸ் ஆனதும் ஒரு தந்திரத்தில்தான். காம்பஸை வைத்து வரைகிறதற்குப் பத்து மார்க், கிராஃபுக்குப் பத்து மார்க். இந்த இருபதை வைத்துக்கொண்டு, ரெண்டு தேற்றத்தை மனப்பாடம் பண்ணிவிட்டால் கரையேறிவிடலாம். கிராஃபில் மைனஸ் எண்கள் வரத்தான் வந்தன. அந்த அட்டவணையையும் திருக்குறள் மாதிரி அப்படியே நெட்டுரு போட்டிருந்தேன். ஒரு எண்ணுக்கும் அர்த்தம் தெரியாது.

ஆனாலும் எனக்கு பி.காம்தான் வேண்டும் என்று பிடிவாதம். ஏன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அண்ணன் வேண்டாம் என்றான், அது போதாதா? கடைசியில் அம்மா அழுது, அவன் இறங்கி வந்தான். "பி.காம்னா படி. பாதியில முடியலன்னு வந்து நின்ன, அப்புறம் காலேஜுன்ற பேச்சே கூடாது" என்றான். அந்தச் சட்டத்தோடுதான் கடலூர் முதுநகரில் சித்தி வீட்டில் தங்கி, தினமும் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன்.

போன முதல் வாரமே காலேஜில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்கள். பிளஸ் டூவில் கணக்கு எடுக்காதவர்களுக்கு பிரிட்ஜ் கோர்ஸ். தினமும் கடைசி ஒரு மணி நேரம். முடிவில் பரீட்சை, பத்துக்கு அஞ்சு எடுக்க வேண்டும். எடுக்காதவர்கள் பி.காமிலிருந்து வேறு பாடத்துக்கு மாற வேண்டும். எனக்கு வேறு பாடம் என்றால் வேறு பாடம் இல்லை, வீடு.

பிரிட்ஜ் கோர்ஸ் எடுத்த சாருக்கு முப்பது வயசு இருக்கும். கெட்டவர் இல்லை. ஆனால் அந்தக் கடைசி மணி நேரத்தில் அவரும் களைத்திருப்பார், நாங்களும் களைத்திருப்போம். முதல் நாள் பின்னம். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்றார். மேலே இருப்பதைக் கூட்டி, கீழே இருப்பதைக் கூட்டி, அஞ்சில் ரெண்டு என்று எழுதினேன். அஞ்சில் ரெண்டு என்பது அரையைவிடக் குறைச்சல் என்று சார் சொன்னார். அரையோடு இன்னும் கொஞ்சத்தைச் சேர்த்தால் அரையைவிட எப்படிக் குறையும்? அதுவும் நியாயம்தான். அப்படியென்றால் கூட்டு என்று சொல்லிவிட்டு ஏன் கூட்ட விடமாட்டேன் என்கிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அப்புறம் எக்ஸ் வந்தது. எக்ஸ் என்றால் என்ன என்று கேட்டேன். தெரியாத எண் என்றார். தெரியாததை எதற்கு எழுதணும் என்று கேட்கவில்லை, வாய்வரைக்கும் வந்தது. போன கணக்கில் எக்ஸ் நாலாக இருந்தது, அடுத்த கணக்கில் ஒன்பது. ராத்திரியோடு ராத்திரியாக மாறிவிடும் போலிருக்கிறது. மைனஸும் மைனஸும் பெருக்கினால் பிளஸ் என்றார். ஏன் சார் என்று ஒரு பையன் கேட்டான். "ரூல்" என்றார் சார். அந்தப் பையன் "சரி சார்" என்று உட்கார்ந்துவிட்டான். எனக்கு அந்த நாளெல்லாம் தலை சுற்றிக்கொண்டே இருந்தது.

இதில் எனக்குக் கொஞ்சமாவது பிடித்தது நம்பர் லைன்தான். போர்டில் ஒரு கோடு போட்டு, நடுவில் சைபர், வலதுபக்கம் ஒன்று ரெண்டு மூன்று, இடதுபக்கம் மைனஸ் ஒன்று மைனஸ் ரெண்டு என்று சார் எழுதினார். "கழிச்சா இடது பக்கம் போங்க, கூட்டினா வலது பக்கம் போங்க. வெரல வச்சிக்கிட்டு நடந்து போங்க, அவ்ளோதான்" என்றார். இது நமக்குச் சரிப்படும் என்று நினைத்தேன். விரலை வைத்து எண்ணுகிற வேலை எனக்குக் கைவந்தது. நோட்டின் பின்னட்டையில் ஸ்கேல் வைத்து மைனஸ் பத்திலிருந்து பத்துவரைக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். மற்றவர்கள் மனதில் கணக்குப் போடும்போது நான் விரலால் நடந்துபோய் வந்தேன்.

அங்கேதான் குழப்பம் ஆரம்பித்தது. வகுப்பில் போடுகிற கணக்கில் என் விடை சில சமயம் போர்டோடு ஒத்துப்போகும், சில சமயம் போகாது. ஒத்துப்போகாதபோது ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம் இருக்கும். மூன்றிலிருந்து ஏழு போனால் எனக்கு மைனஸ் மூன்று, போர்டில் மைனஸ் நாலு. மறுபடி நடப்பேன். மறுபடியும் மைனஸ் மூன்று. அழித்துவிட்டு போர்டில் இருப்பதை எழுதிக்கொள்வேன். மைனஸ் என்றால் அப்படித்தான் போல, ஒன்று முன்னே பின்னே இருக்கும் என்று கொஞ்ச நாள் நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன், சிரிக்காதீர்கள். ஏழிலிருந்து மூன்று போனால் நாலு என்று மனப்பாடமாகத் தெரியும், அதற்கு விரலே வேண்டாம். இந்த சைபரைத் தாண்டிப் போகிற கணக்குக்கு மட்டும்தான் விரல். அங்கே மட்டும்தான் தகராறு.

பக்கத்தில் உட்காருகிறவளைக் கேட்டிருக்கலாம். அவள் குடிகாட்டுக்காரி. அவளும் பிளஸ் டூவில் கணக்கு எடுக்காதவள்தான், ஆனால் அவளுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு. காலையில் நான் முதுநகரில் ஏறி, பக்கத்து சீட்டில் பையை வைத்துக்கொண்டு வருவேன். குடிகாட்டில் அவள் ஏறி, பையை எடுத்து என் மடியில் போட்டுவிட்டு உட்காருவாள். சிதம்பரம் போய்ச் சேரும்வரைக்கும் பேச்சு ஓயாது. காலேஜில் எனக்குக் கிடைத்த ஒரே சிநேகிதி. அவளிடம் மூன்றிலிருந்து ஏழு போனால் எவ்வளவுடி என்று கேட்க எனக்கு மானம் இடம் கொடுக்கவில்லை.

பரீட்சை வந்தது. பத்துக் கணக்கு, பத்தும் சைபரைத் தாண்டிப் போகிறது. முதல் அஞ்சு சுலபம்: ரெண்டே எண்கள். கடைசி அஞ்சு கஷ்டம்: மூன்று எண்கள், ஒரு தடவை கழித்து ஒரு தடவை கூட்டணும். விடைத்தாளின் தலையிலேயே ஒரு நம்பர் லைன் போட்டுக்கொண்டு, விரலை வைத்துப் பத்தையும் முடித்தேன்.

மறுநாள் சார் தாளைக் கொடுக்கும்போது என் தாளைக் கொடுக்கவில்லை. எல்லோரும் போனதற்கப்புறம் கூப்பிட்டார். தாளை மேஜையில் விரித்து வைத்திருந்தார். முதல் அஞ்சுக்கும் பெருக்கல் குறி. கடைசி அஞ்சுக்கும் டிக். மேலே சிவப்பு மையில் "பார்த்து எழுதியது" என்று இருந்தது.

"மூணுல ஏழு போனா எவ்ளோன்னு தெரியாதவளுக்கு, நாலுல ஒன்பது போய் ரெண்டு கூட்டினா எவ்ளோன்னு எப்படிம்மா தெரியும்?" என்றார் சார்.

"நானாத்தான் சார் போட்டேன்" என்றேன்.

"சுலபமானது பூரா தப்பு. கஷ்டமானது பூரா சரி. இந்த அதிசயம் எங்கயாவது உண்டா? பக்கத்துல இருக்கிற பொண்ணு பத்துக்குப் பத்து. சுலபமானது நாமளே போட்டுக்கலாம்னு போட்டுட்டு, கஷ்டமானதுக்கு அவ தாளப் பாத்துருக்க."

அவர் சொன்னதைக் கேட்கக் கேட்க எனக்கே அப்படித்தான் தோன்றியது. நான் சாராக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் நான் பார்க்கவில்லை. சாமி சத்தியமாகப் பார்க்கவில்லை. பார்க்காமல் எழுதியது எப்படிப் பார்த்து எழுதின மாதிரி இருக்கிறது என்று எனக்கே விளங்கவில்லை. கோபத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழுதால் தப்பு பண்ணினவள் என்று நினைப்பார்களே என்று அதை வேறு அடக்கிக்கொண்டேன்.

"இந்த அஞ்சு மார்க் செல்லாது. திங்கக்கெழம காலையில, மத்த ஃபெயிலானவங்களோட சேந்து நீயும் மறுபடி எழுது. தேறலன்னா வீட்டுலேருந்து ஆளைக் கூட்டிட்டு வா. சீட்டு மாத்தறதப் பத்திப் பேசணும், இதையும் சேத்துப் பேசிடலாம்" என்று அந்தச் சிவப்பு எழுத்தைத் தட்டிக் காட்டினார்.

வீட்டிலிருந்து ஆள் என்றால் அண்ணன். தங்கச்சி கணக்கில் ஃபெயில் என்பதோடு, திருட்டுத்தனமும் பண்ணினாள் என்று அவன் காதில் விழும். அதற்கப்புறம் எனக்கு பஸ்ஸும் இல்லை, சிதம்பரமும் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் குடிகாட்டுக்காரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். ஆலப்பாக்கம் தாண்டியதும் மெதுவாகக் கேட்டாள்.

"ஏன்டி, பாத்திருந்தா எங்கிட்ட சொல்லிடு. நான் யார்ட்டயும் சொல்லமாட்டேன்."

"நான் பாக்கல."

"அப்புறம் எப்படிடி கஷ்டமானது மட்டும் சரியா வரும்?"

"எனக்குத் தெரியல."

"தெரியலன்னா? நீதான போட்ட?"

"போட்டேன். தெரியல."

என் குரல் உயர்ந்துவிட்டது. முன்சீட்டில் இருந்த ஒரு அம்மா திரும்பிப் பார்த்தாள். குடிகாட்டில் அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். மறுநாள் காலையில் நான் வழக்கம்போலப் பையை வைத்து சீட்டு பிடித்திருந்தேன். அவள் ஏறினாள், பார்த்தாள், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள். சார் என்னைத் திருடி என்று நினைத்தது ஒரு பக்கம். இவளும் நினைத்துவிட்டாளே என்பதுதான் என்னைப் போட்டு அரித்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். புரட்டாசி. பக்கத்து நிலத்தில் மல்லாட்டை பறித்துக்கொண்டிருந்தார்கள், அம்மாவும் அங்கேதான் இருந்தாள். சாயங்காலம் அளக்கிற நேரத்துக்கு "பாப்பா வந்துருக்குது, கூப்புடு" என்று ஆள் வந்தது. போய் நின்றேன். லாபம், ரெண்டு, மூணு என்று எண்ணிக் கொடுத்தேன். ஒரு மரக்கால் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அண்ணன் வரப்பில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். "இந்த விஷயத்துல மட்டும் உன்ன யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது" என்றான். அவன் என்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்வதே அபூர்வம். அன்றைக்குப் பார்த்துத்தானா சொல்லணும். சாப்பிடும்போது "காலேஜெல்லாம் எப்படிப் போவுது?" என்று கேட்டான். "போவுதுண்ணா" என்றேன்.

திங்கட்கிழமை காலை. மறுபரீட்சை எழுத எட்டுப் பேர். நான் எப்போதும் உட்காருகிற முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். சார் வந்து என்னைப் பார்த்தார்.

"நீ இங்க வேணாம். இங்கேருந்து அஞ்சு பெஞ்சு பின்னாடி போய்த் தனியா உக்காரு."

எழுந்து போனேன். உட்கார்ந்தேன்.

"அஞ்சுன்னு சொன்னேன்" என்றார் சார்.

"அஞ்சுதான் சார்."

"நாலு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பார்த்து எழுதினாள் என்றாயிற்று, இப்போது பெஞ்சைக்கூட எண்ணத் தெரியாதவள் என்றாகப்போகிறதா? ஊரே என் எண்ணிக்கையை நம்புகிறது, இவர் யார்? எழுந்து முதல் பெஞ்சுக்கே திரும்பிப் போனேன். நான் உட்கார்ந்திருந்த பெஞ்சில் கையை வைத்தேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒவ்வொரு பெஞ்சாகத் தட்டிக்கொண்டே நடந்தேன்.

"லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. பாத்துக்குங்க சார்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. "இன்னா, மரக்கா போட்டு அளக்குறியா?" என்றான் ஒரு பையன். அவனும் எங்கள் பக்கத்து ஆள்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

சார் சிரிக்கவில்லை. "உக்காந்துருந்த பெஞ்ச எதுக்கும்மா எண்ணுற? அங்கேருந்துதான நீ கெளம்புற?" என்றார்.

ஒரு பெஞ்சு தள்ளிப் போய் உட்கார்ந்தேன். காது சுட்டது. அவர் சொன்னது அந்த நிமிஷத்தில் என் மண்டையில் ஏறவில்லை. தாளை வாங்கினேன், தலையில் நம்பர் லைன் போட்டேன். முதல் கணக்கு ரெண்டிலிருந்து ஆறு போனால். ரெண்டின்மேல் விரலை வைத்தேன். வாய்க்குள் "லாபம்" என்று சொன்னேன்.

விரல் அங்கேயே நின்றுவிட்டது.

உட்கார்ந்திருந்த பெஞ்சு. நான் நிற்கிற இடத்தையே லாபம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை, அதற்குள் ஒன்று கணக்கில் ஏறிவிட்டது. அப்படியென்றால் ஆறு அடி போகவேண்டிய இடத்தில் அஞ்சுதான் போகிறேனா? ரெண்டு விதமாகவும் நடந்து பார்த்தேன். லாபம் போட்டு நடந்தால் மைனஸ் மூன்று. போடாமல் நடந்தால் மைனஸ் நாலு. எது சரி? எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. ஊரில் எல்லாமே நிற்கிற இடத்தைச் சேர்த்துத்தான். இன்றோடு மூணாம் நாள் என்றால் இன்றும் அதில் சேர்த்தி. அப்பாவுக்குப் பதினாறாம் நாளைக் கணக்குப் பார்த்தபோதும் அவர் போன நாளைச் சேர்த்துத்தான் எண்ணினோம். அதெல்லாம் தப்பா? அதெப்படித் தப்பாகும்?

பக்கத்தில் எழுதுகிற பேனாச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. விடை தெரிந்த கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாமே என்று அப்போது ஒரு யோசனை வந்தது. அஞ்சில் மூன்று போனால் ரெண்டு. இது நாலாம் வகுப்பிலிருந்து தெரியும், இதில் எந்தச் சாரும் என்னை அசைக்க முடியாது. அஞ்சின்மேல் விரலை வைத்து, லாபம், ரெண்டு, மூணு என்று நடந்தேன். விரல் மூன்றின்மேல் நின்றது. லாபம் போடாமல் நடந்தேன். ரெண்டின்மேல் நின்றது.

இத்தனை வாரமும் இந்த ஒரு காரியத்தைச் செய்து பார்க்கத் தோன்றவில்லையே. தெரிந்த கணக்குக்கு விரலை வைத்ததே இல்லை. வைத்திருந்தால் முதல் நாளே குட்டு உடைந்திருக்கும். என்னை நானே அறையலாம் போலிருந்தது. பத்துக் கணக்கையும், வாயை இறுக்க மூடிக்கொண்டு, லாபம் வராமல் போட்டு முடித்தேன். ரெண்டு இடத்தில் பழக்கதோஷத்தில் வந்துவிட்டது, அழித்து மறுபடி போட்டேன்.

சார் அங்கேயே திருத்தினார். ஒன்பது சரி. திருத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"போன வாரம் தெரியாதது இப்ப எப்படித் தெரிஞ்சுது?"

"அந்தப் பழைய தாளக் குடுங்க சார்" என்றேன்.

மேஜை டிராயரிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நான் அதை அவர் முன்னால் வைத்து, அதே தப்பான முறையில் விரலை ஓட்டினேன். மூன்றில் ஏழு. மூன்றின்மேல் லாபம் என்று ஆரம்பித்து, ஏழு என்று சொல்லும்போது மைனஸ் மூன்றில் நின்றேன். தாளிலும் மைனஸ் மூன்று. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்தது. அடுத்தது. முதல் அஞ்சும் தாளில் இருந்த தப்போடு அச்சாக ஒத்துப்போனது.

"சரி, தப்பு எப்படி வந்துதுன்னு தெரியுது. கடைசி அஞ்சு சரியா வந்துதே, அது எப்படி?"

அது எனக்கும் தெரியாது. இப்போது எதுவும் வராமல் போனால் என்ன செய்வேன்? நாலில் ஒன்பது போய் ரெண்டு கூட்டணும். நாலின்மேல் விரலை வைத்து லாபம் என்று ஆரம்பித்து, ஒன்பது என்னும்போது மைனஸ் நாலில் நின்றேன்.

"மைனஸ் அஞ்சு வரணும்" என்றார் சார்.

"இருங்க சார். இப்ப ரெண்டு கூட்டணும்." மைனஸ் நாலின்மேல் இருந்த விரலை எடுக்காமல் "லாபம்" என்றேன். ஒரு அடி வைத்து "ரெண்டு" என்றேன். மைனஸ் மூன்று.

சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். கழிக்கும்போது ஒரு அடி குறைவாகப் போயிருக்கிறேன். திரும்பி வரும்போது ஒரு அடி குறைவாகத் திரும்பியிருக்கிறேன். ரெண்டு தப்பும் சேர்ந்து சரியான இடத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறது. மீதி நாலையும் அவரே தன் விரலை வைத்து, வாய்க்குள் லாபம், ரெண்டு என்று முணுமுணுத்துக்கொண்டே போட்டுப் பார்த்தார். அஞ்சும் வந்தது.

"அப்ப நீ பாக்கல" என்றார்.

"பாக்கல சார்."

மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "ஆனா, அப்ப இந்த அஞ்சும் தப்பும்மா. வழி தப்பு. இதுக்கு மார்க் போட முடியாது" என்றார், ஏதோ என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில்.

"வேணாம் சார். டிக்கையெல்லாம் கோடு போட்டு அடிச்சிட்டு முட்ட போட்டுக் குடுங்க."

"இன்னைக்குத்தான் ஒம்போது எடுத்துட்டியே. சீட்டுக்கு ஒண்ணும் ஆகாது. இத எதுக்குத் திருத்திக்கிட்டு?"

"எனக்கு வேணும் சார். அந்த செவப்பு எழுத்தயும் அடிச்சிடுங்க."

அடித்தார். அஞ்சு டிக்கையும் அடித்தார், அஞ்சு என்று இருந்த மார்க்கையும் அடித்தார். பக்கத்தில் பெரிதாக ஒரு சைபர் போட்டு, சுழித்து, கையெழுத்துப் போட்டார். அதை நான் நாலாக மடித்து டிபன் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் பஸ்ஸில் குடிகாட்டுக்காரி எனக்கு ரெண்டு சீட்டு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தாள். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நகர்ந்து இடம் கொடுத்தாள். தாளை எடுத்து அவள் மடியில் விரித்தேன்.

"ஃபெயிலா?" என்றாள், பதறிப்போய்.

"மறுபரிட்சையில ஒம்போது. இது பழசு. பழசுக்கு சைபர். நானே கேட்டு வாங்கினேன்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. மரக்காலில் ஆரம்பித்து, பெஞ்சுவரைக்கும் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் தாளின் தலையில் நான் போட்டிருந்த நம்பர் லைனில் விரலை வைத்தாள். "நிக்கிற எடம் லாபம். அப்படித்தான?" என்றாள். முதல் கணக்கிலிருந்து ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தாள். பஸ் குலுங்கக் குலுங்க விரல் நழுவும், மறுபடி முதலிலிருந்து வைப்பாள். புதுச்சத்திரம் தாண்டும்போது அஞ்சு முடிந்திருந்தது. கடைசி அஞ்சுக்கு அவள் எடுத்துக்கொண்ட நேரம் ஜாஸ்தி. கணக்கு அவளுக்குத் தண்ணி பட்ட பாடுதான், ஆனால் தப்பாகப் போட்டுப் பழக்கமில்லையே.

"குடிகாடு, குடிகாடு" என்று கண்டக்டர் கத்தினார். கம்பெனி ஷிப்ட் ஆட்கள் நாலைந்து பேர் ஏறினார்கள். அவள் காதில் விழவில்லை. ஒன்பதாவது கணக்கில் இருந்தாள். எனக்கு நன்றாகக் கேட்டது. சொன்னால் எழுந்து ஓடிவிடுவாள், இன்னும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை. விசில் அடித்து பஸ் கிளம்பியது.

பத்தாவது முடிந்ததும் விரலை எடுத்தாள். தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து என் கையில் கொடுத்தாள். அப்புறம்தான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"அய்யய்யோ, எங்க ஊரு போயிடுச்சாடி?"

"போயிடுச்சு."

"நீ சொல்லவேண்டியதுதான?"

"நீ எண்ணிக்கிட்டு இருந்த."

அடுத்த ஸ்டாப்பிங்கில் அவள் இறங்கினாள். எனக்கு இன்னும் முதுநகர் போகணும், ஆனாலும் நானும் இறங்கினேன். வந்த ரோட்டிலேயே ரெண்டு பேரும் குடிகாட்டுக்குத் திரும்பி நடந்தோம். பாதி தூரம் போனதும் அவள் என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நான் உன்ன நம்பல இல்ல?" என்றாள்.

"இல்ல."

"நாளைக்கு எனக்கு சீட்டு போடுவியா?"

"நீ நின்னுக்கிட்டு வந்த அன்னைக்கும் போட்டுத்தான் வச்சிருந்தேன்" என்றேன்.